கண்ணில் படுவதற்கு ஒரு ஜாக்கெட்

மேற்குத் தாம்பரத்தில் எனக்கு ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. கண் பரிசோதனையை நானே செய்வேன், அதற்குப் படித்திருக்கிறேன். ஃப்ரேம் எடுத்துக் காட்டுவதும் கல்லாவில் உட்காருவதும் என் மனைவி. காலையில் மாடம்பாக்கத்து வீட்டிலிருந்து ஒரே பைக்கில் வருவோம். அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு அதே பைக்கில் திரும்புவோம்.

இந்தத் தொழிலில் ஒரு கெடுதல் உண்டு. ஊரில் யாருக்கு எவ்வளவு கண் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிடும். வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே உள்ளே வருவார்கள். உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டினால், முதல் வரியில் இருக்கிற பெரிய எழுத்தையே 'ட'வா 'ப'வா என்று என்னிடம் திருப்பிக் கேட்பார்கள். கண்ணாடி எழுதிக் கொடுத்தால், "பேப்பர் படிக்கத்தான் சார் கஷ்டமா இருக்கு, வண்டி ஓட்டுறதுக்கெல்லாம் வேணாம்" என்பார்கள். பிறகு அதே சாவியைச் சுழற்றிக்கொண்டு போய், அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறுவார்கள். அதே மேம்பாலத்தில்தான் நானும் ஏறவேண்டும். சாலையில் மற்றவர்கள் லாரிக்கும் பள்ளத்துக்கும் பயப்படுவார்கள், நான் கண்களுக்குப் பயப்படுவேன். "இவரு பொறக்கும்போதே பயந்துகிட்டுதான் பொறந்தாரு" என்று என் மனைவி வாடிக்கையாளர்களிடம் சொல்வாள். நான் அதை மறுத்ததில்லை.

அப்படிப் பயந்து பயந்து ஓட்டியும் அடிபட்டேன்.

சேலையூரைத் தாண்டி, ராஜகீழ்ப்பாக்கம் வருவதற்கு முன்னால், வேளச்சேரி சாலையில் இடது பக்கமாக ஒரு தெரு வந்து சேரும். மருந்துக் கடையும் அதை ஒட்டி ஒரு பிரியாணிக் கடையும் இருக்கிற முனை. அன்று என் மனைவி பல்லாவரத்தில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் தனியாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது. அந்தத் தெருவின் வாயில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்ததைப் பார்த்தேன். ஓட்டுகிறவர் என் பக்கம் முகத்தைத் திருப்பியதையும் பார்த்தேன். பார்த்துவிட்டார் என்ற தைரியத்தில் நேரே போனேன். நான் முக்கால்வாசி கடந்த பிறகு கார் புறப்பட்டது. அது பைக்கின் பின்பாதியில் இடித்தது, நான் தார்ச்சாலையில் கிடந்தேன்.

காரிலிருந்து இறங்கி ஓடிவந்தவருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். நாவலூரில் ஏதோ கம்பெனி, அடையாள அட்டை கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. என்னைவிட அவர்தான் அதிகமாக நடுங்கினார்.

"சார், பார்த்துட்டுதான் சார் எடுத்தேன். சத்தியமா நீங்க தெரியவே இல்ல சார்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வலியை மீறிக் கோபம் வந்தது. "கண்ணு டெஸ்ட் பண்ணி எவ்ளோ நாளாச்சு?" என்று படுத்தபடியே கேட்டேன். அவர் விழித்தார். சட்டைப் பையிலிருந்து கடை அட்டையை எடுத்துக் கொடுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்றவரிடம் சைகை செய்தேன். "கடைக்கு வாங்க. நான் பார்க்கிறேன். கண்ணாடி போடாம இனிமே வண்டியத் தொடாதீங்க." அடிபட்டுக் கிடக்கும்போதும் ஆள் வியாபாரம் பார்க்கிறான் என்று கூட்டத்தில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அந்த மனிதர் அட்டையை வாங்கிக்கொண்டார், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தார்.

காறை எலும்பு விரிசல் விட்டிருந்தது. கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தேன். அதெல்லாம் ஆறிவிட்டது. ஆறாதது வேறு. கட்டோடு மெக்கானிக் கடைக்குப் போய் வண்டியைப் பார்த்தோம், நானும் என் மனைவியும். முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. இடது பின்பக்கத்தில், சேலையோ புர்காவோ சக்கரத்தில் சிக்காமல் இருக்க ஒரு கம்பி வளையம் வைத்திருப்பார்களே, அது நசுங்கிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் கால் வைக்கிற படி மேல்நோக்கி மடங்கியிருந்தது. என் மனைவி எப்போதும் ஒருக்களித்து, இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டுத்தான் உட்காருவாள். மடங்கிய அந்தப் படியைச் செருப்புக் காலால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"நா உக்காந்திருந்தா?" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு என் எலும்பைப் பற்றிய பயம் போய்விட்டது, அவளுடைய கால்களைப் பற்றிய பயம் வந்துவிட்டது. பஸ்ஸில் போகலாம் என்றால் அவளுக்குப் பஸ்ஸில் ஏறினாலே தலைசுற்றி வாந்தி வரும். ஆட்டோவுக்கு இரண்டு வேளையும் கொடுத்துக் கட்டாது. மறுபடியும் அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அதே முனையைத் தாண்டிப் போகத்தான் வேண்டும், வேறு வழி கிடையாது.

ஜாக்கெட்டை அவள்தான் வாங்கிவந்தாள். ஹெல்மெட், கம்பூட்ஸ், கையுறை விற்கிற கடையில் தொங்குமே, எலுமிச்சை நிறத்தில், குறுக்கே வெள்ளிப் பட்டை வைத்து, கையில்லாமல். ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் என்பார்கள். பகலில் அந்த நிறம் கண்ணைக் குத்தும், இருட்டில் வெளிச்சம் பட்டால் பட்டை பளிச்சென்று எரியும்.

"இத போட்டா ரோடு போட வந்த ஆளுன்னு நினைப்பாங்க" என்றேன்.

"அவங்க உயிரோட வீட்டுக்குப் போறாங்கல்ல. போடுங்க."

போட்டேன். ஒளியியல் படித்தவன் நான். எந்த நிறம் கண்ணில் சட்டென்று விழும், வெள்ளிப் பட்டை வந்த வெளிச்சத்தை வந்த வழியே எப்படித் திருப்பி அனுப்பும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால் நம்பிக்கையும் இருந்தது. போட்ட முதல் நாளே கேம்ப் ரோடு சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் எனக்கு ஒதுங்கி வழிவிட்டார். தாம்பரத்தில் ஆட்டோ ஒதுங்கியதை நான் அதுவரை பார்த்ததில்லை. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினேன்.

அந்த நிமிர்ச்சி நெடுநாள் நிற்கவில்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி ஆசிரியர், வாசலில் என்னை நிறுத்தினார்.

"ஜாக்கெட் வாங்கியிருக்கேன்னு சொன்னீங்க, போட மாட்டேங்குறீங்களே சார். நேத்து சேலையூர்லேர்ந்து உங்க பின்னாலயே வந்தேன். உங்க வீட்டம்மா மட்டும்தான் தெரிஞ்சாங்க. அதுவும் கிட்ட வந்தப்புறம்தான்."

நேற்று நான் ஜாக்கெட் போட்டிருந்தேன். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. என் முதுகுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள். தலையிலிருந்து கால்வரை கறுப்பு புர்கா. பின்னால் வருகிற எந்த வண்டிக்கும் என் ஜாக்கெட் தெரியாது, இருட்டில் ஓர் இருட்டுதான் தெரியும். நான் ஜாக்கெட் போட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் முன்பைவிட வேகமாக வேறு ஓட்டிக்கொண்டிருந்தேன். யாருடைய காலுக்காக ஜாக்கெட் போட்டேனோ, அவளை ஒருவர் கண்ணிலும் படாமல் ஊர்வலம் விட்டிருக்கிறேன்.

அன்றே இன்னொரு ஜாக்கெட் வாங்கிவந்து அவள் மடியில் வைத்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"என்னை மறைக்கிறதுக்கு புர்கா. காட்டுறதுக்கு இது. ரெண்டையும் எப்படிங்க ஒண்ணா போடுறது?"

"மனுஷங்க கண்ணுக்கு மறைஞ்சுக்கோ. வண்டிங்க கண்ணுக்குத் தெரிஞ்சுக்கோ."

"வண்டிய மனுஷங்கதான ஓட்டுறாங்க" என்றாள். சொல்லிவிட்டுப் புர்காவுக்கு மேல் போட்டுக்கொண்டாள். அவளுக்கும் மடங்கிய அந்தப் படி நினைவில் இருந்தது. மசூதித் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மச்சான் முறைக்காரன், "என்ன, ரெண்டு பேரும் கல்யாண செட்டு எடுத்திருக்கீங்களா?" என்று கேலி செய்தான். செய்யட்டும் என்று விட்டுவிட்டோம்.

இப்படிக் கொஞ்ச காலம் போனது. அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை அரைநாள். வரும் வழியில் பழம் வாங்க சாலையோரம் நிறுத்தியிருந்தேன். எனக்கு வெள்ளைச் சட்டைதான் பழக்கம், கடையில் அதுதான் எடுப்பாக இருக்கும். அன்று போட்டிருந்த பேன்ட் காக்கியை ஒட்டிய நிறம். அதன் மேல் எலுமிச்சை ஜாக்கெட். பக்கத்தில் அதே ஜாக்கெட்டில் என் மனைவி, பழப் பையோடு. போன் அடித்தது என்று அதைக் கையில் எடுத்து, வெயிலுக்கு மறைத்துப் பிடித்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட், மேலே இதே ஜாக்கெட் என்று வண்டி எண்ணைப் படம் எடுக்கிற டிராஃபிக் போலீஸ்காரர் எப்படி நிற்பாரோ அப்படியே நின்றிருக்கிறேன்.

எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டியவனுக்கும் பின்னால் இருந்த பெண்ணுக்கும் ஹெல்மெட் இல்லை. அவன் எங்களைப் பார்த்துவிட்டான். நன்றாகவே பார்த்தான், அவ்வளவு தூரத்திலிருந்தே பார்த்தான். பார்த்த வேகத்தில் வண்டியை அப்படியே வந்த பக்கமாக ஒடித்துத் திருப்பினான். பின்னால் தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது.

லாரியின் பிரேக் சத்தம் இப்போதும் என் பல்லில் கூசுகிறது. லாரிக்குள் இருந்த தண்ணீர் முன்னும் பின்னும் மோதித் தளும்பி மேல்மூடி வழியாகச் சாலையில் கொட்டியது. ஸ்கூட்டர் சாய்ந்து, அந்தப் பெண் லாரியின் முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தாள். செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவள் எழுந்தாள். முழங்கை தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். என் மனைவி பழப் பையைப் போட்டுவிட்டு ஓடி அவளைப் பிடித்துக்கொண்டாள். அந்த இளைஞன் நேரே என்னிடம் வந்தான், கையைக் கூப்பிக்கொண்டு.

"சார், ஹெல்மெட்டு வூட்ல கீது சார். தோ பக்கத்துலதான் வூடு."

"நான் போலீஸ் இல்லப்பா" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கூப்பிய கை இறங்கியது. "போலீசு இல்லியா? அப்புறம் இன்னாத்துக்குய்யா இத்த மாட்டிகினு நின்னுகினு கீற? பேஜார் புச்சவனே, உன்னாலதான்யா போயிருப்போம்."

ஹெல்மெட் போட்டிருந்தால் திரும்பியிருக்கமாட்டாயே என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. கூட்டம் சேர்வதற்குள் ஜாக்கெட்டைக் கழற்றி வண்டிப் பெட்டிக்குள் திணித்தேன். என் மனைவியும் கழற்றினாள். போட்டால் ஒரு பயம், போடாவிட்டால் ஒரு பயம். வண்டியை விட்டு இறங்கியதும் கழற்றிவிட வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம்.

அந்த நாட்களில் எனக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்தது. என்னை இடித்த மனிதருக்குக் கண்ணில் குறை இருக்கிறது என்பது. தொழில்காரனுடைய நம்பிக்கை இது. தூரப்பார்வை மங்கியிருக்கும், இல்லையென்றால் மாலை வெளிச்சத்தில் தடுமாறுகிற கண்ணாக இருக்கும். ஒரு லென்ஸ் போட்டால் தீர்ந்துபோகிற விஷயம். அப்படியென்றால் அந்த முனை சபிக்கப்பட்ட முனை இல்லை, அது ஒரு கெட்ட கண், அவ்வளவுதான். இரவில் தூக்கம் வராதபோது இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் அவர் வந்தார். அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தாராம். வேலை, ஊருக்குப் போனது என்று தாமதத்துக்குக் காரணம் சொன்னார். "வண்டி ஓட்டும்போதெல்லாம் நீங்க சொன்னதுதான் சார் ஞாபகம் வருது. பார்த்துடுங்க" என்றார். நல்ல மனிதர். என் மனைவிக்கு இனிப்புப் பொட்டலம் வேறு கொண்டுவந்திருந்தார்.

நாற்காலியில் உட்காரவைத்தேன். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு கண்ணை மறைத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். மேலிருந்து கீழே ஓடிவந்தார். கடைசி வரியை, கடையில் யாரும் படிக்காத அந்தப் பொடி எழுத்தை, தமிழ்ப் பாடம் ஒப்பிப்பதுபோல் படித்தார். மனப்பாடமோ என்று சந்தேகப்பட்டு வேறு பலகை மாட்டினேன். அதையும் படித்தார். மற்றக் கண்ணும் அப்படியே. நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களைக் காட்டினேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. ஓரப்பார்வை குறைந்திருக்கலாம் என்று பக்கத்தில் நின்று விரலை ஆட்டினேன், ஆட்டத் தொடங்குமுன்பே கண்டுபிடித்தார். விளக்கை அடித்து உள்ளே பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது.

"பவர் எவ்ளோ சார்?"

"பவரே இல்ல" என்றேன். "இந்தக் கண்ணு எனக்கே கிடையாது."

அவர் நிம்மதியாகச் சிரித்தார். "அன்னிக்கு என் பக்கம் திரும்பிப் பார்த்தீங்களே. நான் பார்த்தேன்" என்றேன்.

"பார்த்தேன் சார். வலது பக்கம் நல்லாவே பார்த்தேன். பஸ் எதுவும் வருதா, லாரி எதுவும் வருதான்னு. ஒண்ணும் வரல. ரோடு காலியா இருந்துச்சு, எடுத்துட்டேன்."

"நான் வந்தேன்."

"வந்திருக்கீங்க சார்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. "அதான் சார் எனக்கே புரியல."

கல்லாவிலிருந்து என் மனைவி எழுந்துவந்தாள். ஆணியில் தொங்கிய ஜாக்கெட்டை எடுத்து அவர் முன்னால் விரித்துப் பிடித்தாள். "இத போட்டிருந்தா தெரிஞ்சிருப்பாரா?"

அவர் உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "தெரிஞ்சிருக்கலாம் மேடம். இத பார்த்தா போலீஸ்னு நினைப்பேன். போலீஸ்னா கண்டிப்பா நின்னிருப்பேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "போலீஸ் இல்ல, சும்மா போட்டிருக்காங்கன்னு பழகிட்டா... தெரியல மேடம்" என்றார்.

அவர் போன பிறகு நான் பரிசோதனை அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது, புரியாமலே இருந்திருக்கலாம். மனிதர்கள் தங்களை எது அடிக்குமோ அதைத்தான் சாலையில் தேடுகிறார்கள். பஸ் அடிக்கும், லாரி அடிக்கும், போலீஸ் பிடிக்கும். என்னைப் பார்த்து யாருக்கு என்ன பயம்? உலகத்திலுள்ள பயமெல்லாம் என்னிடம் இருக்கிறது, என்னைக் கண்டு பயப்படத்தான் ஆள் இல்லை. இதற்கு நான் எந்த லென்ஸை எழுதிக் கொடுப்பது?

அன்றும் இருட்டத்தான் வீட்டுக்குப் புறப்பட்டோம். இருவரும் ஜாக்கெட் போட்டுக்கொண்டோம். அவள் எப்போதும்போல் ஒருக்களித்து உட்கார்ந்து, புதுப் படியில் கால் வைத்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி வண்டியை எடுத்தேன். சேலையூர் தாண்டியதும் அந்த முனை வந்தது. மருந்துக் கடை வெளிச்சத்தில், தெரு வாயிலில் ஒரு கார் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. வேறு கார், வேறு ஆள். நேராகப் போகிறவன் நான்தான், எனக்குத்தான் வழி. ஆனாலும் முடியவில்லை. காருக்கு முன்னால் போய்ச் சேர்வதற்குள் பிரேக் பிடித்துச் சாலையிலேயே நின்றுவிட்டேன். பின்னால் ஹாரன் அலறியது. நான் அசையவில்லை. காரின் முகப்பு வெளிச்சத்தில் என் நெஞ்சும் விலாவும் எலுமிச்சையாக எரிந்தன. அவளுடைய இரண்டு கால்களும் அந்தக் காரின் பக்கம்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

ஓட்டுகிறவர் முகத்தைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தார். கண்ணாடிக்கு உள்ளிருந்து கையை அசைத்து, போங்கள் என்று காட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

"பார்த்துட்டாரா?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"பார்த்துட்டாரு. கை காட்டுறாரு."

"நமக்கா?"

பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் எங்களுக்குப் பின்னால், எங்களை ஒட்டி, கண்ணாடி முழுக்க ஒரு பேருந்து நின்றுகொண்டிருந்தது.